இன்பத்திலும் துன்பத்திலும் கர்த்தரைத் துதிப்பது: எங்கள் ஜெபக்குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் தோட்டங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள்தான் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் பாதிக்கு மேல். கூட்டம் முடிந்து கோப்பி ஊற்றும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். முன்னறையில் கேட்கத் தயங்கியதை அடுக்களையில் வந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், வேதத்தைத் திறந்து வைத்துப் பேசிப் பார்த்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மனசு நொறுங்கிக் கிடக்கும்போது "ஸ்தோத்திரம்" என்று சொல்வது நடிப்பு ஆகாதா?

உள்ளே இருப்பதை மறைப்பதற்காகச் சொன்னால் நடிப்புதான். ஆனால் வேதம் நம்மிடம் கேட்கிற துதி அப்படிப்பட்டதல்ல. சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். இஸ்ரவேல் ஜனங்கள் ஆராதனையில் பாடிய பாட்டுப் புத்தகமே அதுதான். அதாவது, அழுகையையும் முறையீட்டையும் சபை நடுவில் பாடியிருக்கிறார்கள்.

13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது ஆரம்பிக்கிறான். "எதுவரைக்கும்" என்று மறுபடி மறுபடி கேட்கிறான். கடைசி வசனத்தில் அவரைப் பாடுவேன் என்கிறான். நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தை இல்லை. சத்துரு போகவில்லை, பிரச்சினை தீரவில்லை. பாரத்தையெல்லாம் கர்த்தர் முகத்துக்கு நேரே கொட்டிய பிறகு அதே வாயிலிருந்து பாட்டும் வருகிறது. அதை யாராவது நடிப்பு என்பார்களா?

88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. அதில் கடைசி வரியிலும் வெளிச்சம் வருவதில்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்ற இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதை எழுதியவர் செய்தது ஒன்றுதான்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். நம்மில் சிலருக்குச் சில மாதங்களில் அவ்வளவுதான் முடியும். அதுவும் துதிதான் என்பது என் உறுதியான எண்ணம். இல்லாவிட்டால் அந்தச் சங்கீதம் வேதத்தில் இடம் பிடித்திருக்காது.

விசுவாசி அழலாமா?

தாராளமாக. இயேசுவே அழுதார் (யோவான் 11:35). "ஏன் அழுகிறீர்கள், துதியுங்கள்" என்று யாராவது உங்களை அதட்டினால், இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

நடந்த கெட்டதுக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமா? மகன் மோட்டார் விபத்தில் போனதற்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தகப்பன் எங்கள் பகுதியில்தான் இருக்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

பெத்தானியாவில் லாசருவின் கல்லறைக்கு இயேசு வந்ததை நினைத்துப் பாருங்கள். அவர் கண்ணீர் விடுகிறார், ஆவியிலே கலங்குகிறார். அதே இடத்தில், கல்லை எடுத்துப்போட்ட பிறகு, "பிதாவே" என்று கண்களை ஏறெடுத்து ஸ்தோத்திரமும் பண்ணுகிறார். எதற்காக என்று கவனியுங்கள். பிதா தமக்குச் செவிகொடுத்ததற்காக. லாசரு செத்ததற்காக அல்ல. மரணத்தை அவர் நல்லது என்று சொல்லவே இல்லை. வேதத்தில் மரணம் என்பது பரிகரிக்கப்பட வேண்டிய சத்துரு (1 கொரிந்தியர் 15:26).

ஆகவே ஐயா, மகன் போனது நல்லது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். யாரும் உங்களைச் சொல்ல வைக்கவும் விடாதீர்கள். அவன் உங்களோடு இருந்த வருஷங்களுக்கு நன்றி சொல்லலாம். அவன் அடக்கத்தன்று கர்த்தர் உங்களைக் கைவிடவில்லை என்பதற்கு நன்றி சொல்லலாம். அதற்கும் இன்று மனசு வராவிட்டால், காத்திருக்கலாம். அவர் அவசரப்படுத்துகிறவர் அல்ல.

பவுலும் சீலாவும் பாடினார்கள், சிறைக் கதவு திறந்தது. நாங்களும் துதித்தால் கஷ்டம் தீர்ந்துவிடுமா?

கன்வென்ஷன் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற வாக்குறுதி இது: துதி, தடை உடையும். கேட்டுவிட்டு வந்தவர்கள் வீட்டில் துதித்துப் பார்த்து, ஒன்றும் உடையாமல், என் விசுவாசத்தில்தான் குறை என்று நொந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அப்போஸ்தலர் 16இல் நடந்தது உண்மை. பிலிப்பி பட்டணத்தில் இருவரையும் அநேக அடி அடித்து, உட்காவலறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் ஜெபம்பண்ணிப் பாடினார்கள். மற்றக் காவல்கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்தது, கதவெல்லாம் திறந்தது. ஆனால் அவர்கள் கதவைத் திறப்பதற்காகப் பாடவில்லை. திறந்த பிறகு ஓடிப்போகவும் இல்லை. உள்ளேயே இருந்து சிறைச்சாலைக்காரனை "உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே" என்று தடுத்தார்கள். அந்த ராத்திரி அவன் வீடு முழுக்க ஞானஸ்நானம் பெற்றது.

அதே புத்தகத்தில் நாலு அதிகாரம் முன்னால் போங்கள். ஏரோது ராஜா பேதுருவைச் சிறையில் வைத்தான், தூதன் வந்து அழைத்துப் போனான். அதே ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். யாக்கோபுக்குத் தூதன் வரவில்லை. யாக்கோபு பேதுருவைவிடக் குறைவாகத் துதித்தான் என்று யாராவது சொல்வார்களா? பவுலுக்கும் அப்புறம் வந்த சிறைவாசங்களில் பூமி அதிரவில்லை. கட்டுண்டிருந்தபடியேதான், தான் ஒரு காலத்தில் பாடிய அந்தப் பிலிப்பி சபைக்கு நிருபம் எழுதி, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்றான்.

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும், சிலையைப் பணியாவிட்டால் அக்கினிச்சூளையில் போடுவேன் என்று மிரட்டிய பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள். அந்த "விடுவிக்காமற்போனாலும்" இல்லாத துதி பேரம் பேசுவதில்தான் போய் முடியும்.

எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது துதி மறந்துபோகிறது. இது மட்டும் எப்படி நடக்கிறது?

கஷ்டத்தில் துதிப்பதைவிட இதுதான் பெரிய சோதனை என்பது என் கருத்து. மோசே இதை முன்கூட்டியே எச்சரித்துவிட்டான். உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் அவன் பயப்படுவது பஞ்சத்தைக் கண்டு அல்ல. ஜனங்கள் புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது கர்த்தரை மறந்துவிடுவார்களே என்றுதான் பயப்படுகிறான்.

நம் ஊரில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வேலை போனபோது வாராவாரம் ஜெபத்துக்கு வந்தவர், வேலை கிடைத்ததும் ஓவர்டைம் என்பார். மகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்ப் பணம் அனுப்ப ஆரம்பித்ததும், தாய் விடியற்கால ஜெபத்தை விட்டுவிடுவாள். 55 வயதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் கைக்கு வந்த மாதம் வீட்டுக்கு டைல்ஸ் போட ஆள் வரும், புது சோபா வரும். ஸ்தோத்திரக் கூட்டம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானபோது திரும்பி வந்தது ஒருவன்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார்.

நான் சொல்வது எளிய வழி. நன்மை வந்த அன்றைக்கே, காசை எண்ணுவதற்கு முன், வீட்டில் இருப்பவர்களை உட்காரவைத்து ஒரு பாட்டுப் பாடிவிடுங்கள். அடுத்த வாரம் பெரிதாகச் செய்யலாம் என்று வைத்தால் நடக்காது.

தோட்டத்தில் எங்கள் தாத்தா பாட்டிமார் எதை வைத்துத் துதித்தார்கள்? அவர்களிடம்தான் ஒன்றும் இல்லையே?

ஒன்றும் இல்லை என்பது கிட்டத்தட்ட உண்மை. லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, தலையில் விளக்கோடு தனக்குரிய மர வரிசையான நிரைக்குப் போக வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும். ராத்திரி மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் அந்தக் காலத்தில் கூலியும் இல்லை. வருஷத் தொடக்கத்தில் ரப்பர் மரம் சிவந்து இலையெல்லாம் உதிர்க்கும் மாதங்களில் பால் குறைந்து, சம்பளமும் குறையும்.

அதற்கு மேல் சரித்திரம் வேறு. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 43இல், சயாம் மரண ரயில் பாதை போட இந்தத் தோட்டங்களிலிருந்துதான் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. என் பாட்டியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். சண்டை முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள், 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 1960 வரை நீடித்தது. ஊரடங்கு, சோதனை, அரிசிக்குக் கட்டுப்பாடு. காட்டோரம் பால் வெட்டுகிறவர்களுக்குக் கெரில்லா, ராணுவம் என்று இரண்டு பக்கமும் பயம்.

இதற்கு நடுவில்தான் பாட்டி பாடினார். சபைக்கு வருகிற போதகர் மாதம் ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாட்களில் லயத்தில் யார் வீட்டுத் திண்ணையிலாவது கூடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாததால் எல்லாம் மனப்பாடம். அண்ணன் பேரைச் சொல்லி அழுதுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே மூச்சில் கீர்த்தனையை எடுப்பார். குரல் முதல் வரியில் கரகரக்கும், இரண்டாவது வரியில் சரியாகிவிடும். ஆபகூக் தீர்க்கதரிசி, "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று தொடங்கி, தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று முடிக்கிற இடம் பாட்டிக்குப் பாடம். அத்திமரத்தை அவர் பார்த்ததில்லை. இலை உதிர்ந்து பால் வற்றிய மரத்தின் கீழே நின்று அந்த வசனத்தைச் சொன்னார். பலன் இல்லாத வருஷத்திலும் மரம் வைத்தவரை விடமாட்டேன் என்பதை எனக்கு விளங்க வைத்தது அந்தக் காட்சிதான்.

சாவு வீட்டில் பாட்டுப் பாடலாமா? சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள்.

நீதிமொழிகள் 25:20 மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனைக் குளிர்காலத்தில் உடையைக் கழற்றுகிறவனுக்கு ஒப்பிடுகிறது. ஆகவே கிடாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் மூன்று சிநேகிதரும் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், வாயைத் திறந்ததும் கெடுத்துவிட்டார்கள்.

முதலில் நாற்காலி அடுக்குங்கள், தண்ணீர் போத்தல் கொடுங்கள், பிள்ளைகளுக்குப் பசியாற ஏதாவது வாங்கி வாருங்கள். பாடலாமா என்று வீட்டின் மூத்தவரிடம் கேளுங்கள். சரி என்றால், இறந்தவர் விரும்பிப் பாடிய பாட்டு ஒன்றை மெதுவாக. ஒலிபெருக்கி வேண்டாம். வந்திருக்கும் இந்துச் சொந்தங்களுக்கு அந்த நேரத்தில் பிரசங்கம் பண்ணுவது எனக்குச் சம்மதமில்லை. அவர்களும் தங்கள் அத்தையை, சித்தப்பாவை இழந்துதான் நிற்கிறார்கள். பல வீடுகளில் அவர்களே வந்து பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவார்கள், அது வேறு விஷயம்.

எனக்குக் கடவுள்மேல் கோபம். இந்த நிலையில் ஆராதனைக்கு வரலாமா?

வாருங்கள். யோபு பேசிய பேச்சைவிடக் கடுமையாக நீங்கள் பேசிவிட முடியாது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்; கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்றவனும் அவன்தான், தான் பிறந்த நாளைச் சபித்தவனும் அவன்தான். முதல் அதிகாரத்தை மட்டும் பிரசங்கித்து மூன்றாம் அதிகாரத்தை விட்டுவிடுவதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது, அவருக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்மேல். தம்மைப்பற்றி நிதானமாய்ப் பேசினவன் யோபு என்றார்.

வாயைத் திறந்தால் வார்த்தையே வருவதில்லை. என்ன செய்வது?

எங்கள் குழுவில் ஒரு அக்கா. இனிப்புநீர் (நீரிழிவு) சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஒரு கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்புவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும். பாதி நேரத்தில் குளிர் எடுக்கும், கழுத்துவரை போர்வை. அந்தப் போர்வைக்குள், உதடு மட்டும் அசைய, 103ஆம் சங்கீதம் சொல்வாராம். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி." சில நாள் முழுதும் சொல்வார். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் நாளில் முதல் வரிக்கு மேல் போகாது. "அந்த ஒரு வரியையே மெஷின் நிற்கிறவரைக்கும் சொல்லிக்கிட்டு இருப்பேன் தம்பி" என்றார்.

அவர் தனக்குச் சொந்தமாக வார்த்தை தேடவில்லை. தாவீதின் வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டார். நீங்களும் அப்படிச் செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் கூட்டத்துக்கு வந்து சும்மா உட்காருங்கள், நாங்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுகிறோம். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

கைதட்டி, சத்தமாகத்தான் துதிக்க வேண்டுமா?

இல்லை. அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். கர்த்தர் கேட்டார். சத்தமாகப் பாட ஆசைப்படுகிறவர்கள் பாடட்டும், பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அதே வாரம் இன்னொரு சகோதரிக்குக் கரு கலைந்துவிட்டது. சபையில் நான் சாட்சி சொல்லலாமா?

இப்படிக் கேட்கத் தோன்றியதே பெரிய காரியம். சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமர் 12:15 ஒரே வசனத்தில் இரண்டையும் வைத்திருக்கிறது. ஒரே சபையில், ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டும் நடந்தே தீரும்.

சாட்சி சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் வாருங்கள், முடிந்தால் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு. உங்கள் சாட்சியைப் பற்றி அவள் சபையில்தான் முதலில் கேள்விப்பட்டாள் என்று இருக்கக் கூடாது. அப்புறம், "நாங்கள் விசுவாசித்தோம், கர்த்தர் தந்தார்" என்ற வாக்கியத்தைத் தவிர்த்துவிடுங்கள். அவளும் விசுவாசித்தாள். "கர்த்தர் தந்தார்" போதும். அன்று அவள் வராமல் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) முடிவு வருகிற நாள் நல்ல சமயம். மூத்தவனுக்கு ஏ நிறைய வந்தபோது பிரியாணி போட்டு நன்றி சொன்னீர்கள் என்றால், இளையவனுக்குக் குறைவாக வந்த வருஷமும் அதே மேசையில் அதே பாட்டைப் பாடுங்கள். பிரியாணியும் போடுங்கள். கர்த்தருடைய நன்மை மார்க்கைப் பார்த்து ஏறி இறங்குவதல்ல என்பதை அவன் அன்றைக்குப் புரிந்துகொள்வான்.

மாதக்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது. இன்னும் அதிகமாகத் துதித்தால் சரியாகுமா?

இதைப் படித்ததும் யாரிடமாவது இன்றே சொல்லுங்கள், அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். தனியாக இருக்காதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, கர்த்தர் அவனைத் துதிக்கச் சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பாடு கொடுத்தான். பேச்செல்லாம் நாற்பது நாள் நடைக்குப் பிறகு ஓரேப் மலையில்தான். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எந்தச் சங்கீதத்தில் ஆரம்பிக்கலாம்?

நல்ல செய்தி வந்த நாளில் 103 அல்லது 116. நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு 30. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு 6, ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு 4. தனிமையில் இருக்கும் வயதானவர்களுக்கு 71, அதில் முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்ற வேண்டுதல் இருக்கிறது. கலங்கிப் போயிருந்தால் 42, கோபமாக இருந்தால் 13, எதுவுமே முடியாவிட்டால் 88. பாவம் உறுத்தினால் 51. ஒன்றும் விசேஷமில்லாத சாதாரண நாட்களுக்கு ஒன்றிலிருந்து வரிசையாகப் படியுங்கள், நாளுக்கு ஒன்று, வாய்விட்டு. 119 மட்டும் 176 வசனம், அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் ஆகும்.